இருபது வருட அனுபவசாலியை நான் எப்படி மேற்பார்வை பார்ப்பது?

கேள்வி: பி.ஃபார்ம் முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு மருந்துக் கடையில் பொறுப்பு மருந்தாளுநராக இருக்கிறேன். என்னோடு மூன்று உதவியாளர்கள். அவர்களில் மூத்தவர் இருபது வருடமாக அதே கவுண்டரில் நிற்பவர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எந்த மருந்து எந்த ராக்கில் இருக்கிறது என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். போன வாரம் ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் 5 மில்லி என்று சீட்டு வந்தது. சிரப் தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் அதே மருந்தின் டிராப்ஸ் பாட்டிலை எடுத்து, சீட்டில் இருந்தபடியே '5 மில்லி, மூன்று வேளை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் உள்ளே ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தச் சின்ன டிராப்பர்ல அஞ்சு தடவையா ஊத்தணும்?" என்று குழந்தையின் அம்மா கேட்டது காதில் விழுந்து ஓடி வந்தேன். பாட்டிலைத் திரும்ப வாங்கிவிட்டோம். அண்ணன் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. முதலாளியிடம் சொன்னதற்கு, "இருபது வருஷத்துல ஒரு தப்பு. உன் சர்டிபிகேட் சுவத்துல மாட்டியிருக்கு, அது போதும். அவரைப் போட்டு நோண்டாதே" என்கிறார். நான் எது வரை பார்க்க வேண்டும்? தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது? வயதில் மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று உங்கள் கடையில் மேற்பார்வை பார்த்தது அந்தக் குழந்தையின் அம்மாதான். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த விஷயத்தைப் பற்றி முதலாளியிடமோ அண்ணனிடமோ பேசுவதற்கு அந்தக் கணக்கைவிட வலுவான வாதம் உங்களுக்குக் கிடைக்காது.

அது பாராசிட்டமால் என்றே எடுத்துக்கொள்கிறேன். பரவலாக விற்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். டிராப்ஸில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். ஆக, டிராப்ஸ் 5 மில்லி என்றால் 500 மில்லிகிராம், மருத்துவர் நினைத்ததைப் போல நான்கு மடங்கு. மூன்று வேளைக்கு 1,500. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் உச்ச வரம்பைக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று வைத்தாலும் 600தான் வரும். காய்ச்சல் இறங்கவில்லையே என்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கொடுத்திருந்தால் அது கல்லீரலைத் தாக்கும் அளவு. இத்தனைக்கும் மருந்தின் பெயர் சரி, கம்பெனி சரி, எக்ஸ்பைரி தேதி சரி. தவறான மருந்தை யாரும் எடுக்கவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சிரப் ராக்கில் கை நீட்டும்வரை அண்ணன் செய்தது எடுத்துக் கொடுக்கும் வேலை. அது இல்லை என்று தெரிந்து டிராப்ஸ் ராக்கை நோக்கித் திரும்பிய நொடியில் அவர் செய்தது முடிவெடுக்கும் வேலை. மருந்தின் வடிவம் மாறினால் வலு மாறும், வலு மாறினால் அளவு மாறும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள். அவர் அந்தக் கோட்டைத் தாண்டினார் என்பதைவிட, அப்படி ஒரு கோடு அங்கே இருக்கிறது என்று இருபது வருடத்தில் யாரும் அவருக்குக் காட்டவில்லை என்றுதான் நான் சொல்வேன். உதவியாளர் மேற்பார்வை என்றதும் எந்த ஆளை நம்பலாம், எந்த ஆளை நம்பக்கூடாது என்று யோசிக்கத் தொடங்குகிறோம். கோடு போட வேண்டியது ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் அல்ல, வேலைக்கும் வேலைக்கும் நடுவில்.

சரக்கு இறக்குவது, பில்லோடு ஒப்பிடுவது, எக்ஸ்பைரி பார்த்துப் பிரித்து வைப்பது, சீட்டைப் பார்த்து மருந்தை எடுப்பது, எண்ணுவது, லேபிள் எழுதுவது இவையெல்லாம் பயிற்சி பெற்ற உதவியாளர் செய்யலாம். பல சமயம் நம்மைவிட நன்றாகவே செய்வார்கள். அடுத்து வருவது சரிபார்ப்பு. அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சீட்டில் உள்ளதும் பையில் உள்ளதும் ஒன்றுதானா என்பது ஒரு கேள்வி. சீட்டில் உள்ளது இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைத் தனிப் பயிற்சி கொடுத்து உதவியாளரிடமே ஒப்படைக்கும் நாடுகள் உண்டு. பிரிட்டனில் துல்லியச் சரிபார்ப்புக்கென்றே பயின்ற டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இரண்டாம் கேள்வியை மருந்தாளுநர் முதலில் பார்த்து முடித்திருக்க வேண்டும். வயது, எடை, கர்ப்பம், சிறுநீரகம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் அந்த இரண்டாம் கேள்விக்குள் வரும். அதை யாரிடமும் விட்டுவிட்டு நீங்கள் ஸ்டாக் பார்க்கப் போக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. பிரிட்டனில் 2011 முதல் ஃபார்மசி டெக்னீஷியன் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவே பொது மருந்தியல் மன்றத்தில் பதிவு வேண்டும். தவறு செய்தால் அவரே மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதே நாட்டில் கவுண்டர் உதவியாளருக்குப் பதிவு கிடையாது, குறைந்தபட்சப் பயிற்சி மட்டும் கட்டாயம். டென்மார்க்கில் ஃபார்மகோனோம் எனப்படும், மூன்று ஆண்டு படித்த மருந்துக் கடைப் பணியாளர்கள் மருந்து வழங்குவதையும் ஆலோசனை சொல்வதையும் தாங்களாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி. ஒரு மருந்தாளுநரின் கீழ் எத்தனை டெக்னீஷியன் இருக்கலாம் என்று பல மாநிலங்கள் எண் போட்டு வைத்திருக்கின்றன, சில மாநிலங்களில் அப்படி எண்ணே இல்லை. இந்தியாவின் நிலை இன்னொரு விதம். 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதியோ மருந்தாளுநரே வழங்கலாம், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் வழங்கலாம் என்கிறது. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் ஆயிரமாயிரம் உதவியாளர்கள் தினமும் நின்று வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய படிப்பு, பயிற்சி, பொறுப்பு எதைப் பற்றியும் அந்தச் சொல் பேசுவதில்லை. எல்லாப் பாரத்தையும் 'மேற்பார்வை' என்ற சொல்லின் மேல் இறக்கி வைத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மன வருத்தம் உண்டு. உதவியாளருக்குப் பதிவு இல்லை என்றால் தவறுக்கு அவர் பொறுப்பில்லை என்பது மட்டும் அதன் பொருள் அல்ல. அவர் கற்றதற்கு அங்கீகாரமும் இல்லை என்பதுதான் பெரிய இழப்பு. இருபது வருடம் கற்றவர் கடை மாறினால் மறுபடி புது ஆள். பயிற்சி, தேர்வு, பதிவு மூன்றும் அவர்களுக்கும் வேண்டும் என்று நான் சொல்வது அவர்களைக் கட்டிப்போட அல்ல, அவர்கள் தொழிலுக்கு ஒரு பெயர் கிடைக்கட்டும் என்றுதான்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். 2006இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வயதுப் பெண் குழந்தை, புற்றுநோய்க்கான சிகிச்சை ஏறக்குறைய முடிகிற நேரம். கீமோ மருந்தை 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலக்க வேண்டும். டெக்னீஷியன் 23.4 சதவீத அடர் கரைசலை எடுத்துக் கலந்துவிட்டார். அன்று காலை கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் போய், சீட்டுகள் மலையாகத் தேங்கிக் கிடந்தன. மருந்தாளுநர் சரிபார்த்து அனுப்பினார். குழந்தை இறந்துபோனது. மருந்தாளுநர் உரிமத்தை இழந்தார், 2009இல் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். கலந்த டெக்னீஷியன் மீது வழக்கே இல்லை. காரணம், அப்போது அந்த மாநிலத்தில் டெக்னீஷியனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டம் எதுவும் கேட்டதில்லை. அதே 2009இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, டெக்னீஷியன்களுக்குத் தகுதியும் தேர்வும் கட்டாயமாயின.

இதைப் படித்ததும் 'கடைசியில் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்' என்ற பயம் மட்டும் உங்களுக்கு வரக்கூடாது. அந்தப் பயம் வந்தால் எல்லாவற்றையும் நீங்களே செய்யத் தொடங்குவீர்கள். களைத்துப்போன ஒருவர் எல்லாவற்றையும் செய்வது, நான்கு பேர் பிரித்துச் செய்வதைவிட ஆபத்து. எடுத்தவருக்குக் கவனமாக எடுக்கும் பொறுப்பு. சரிபார்த்தவருக்கு நிஜமாகவே சரிபார்க்கும் பொறுப்பு. கடை நடத்துபவருக்கு இரண்டுக்கும் நேரமும் ஆளும் கொடுக்கும் பொறுப்பு. ஒஹையோவில் அந்தக் காலைப்பொழுதின் நெருக்கடிக்கு யாரும் சிறை போகவில்லை என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நிஜமாகவே சரிபார்ப்பது என்றால் என்ன என்று நானும் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களோடு ஒரு மூத்த உதவியாளர் இருந்தார். கை அவ்வளவு சுத்தம். அவர் எடுத்து வைத்த தட்டு என்றால் நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இனிஷியல் போட்டுவிடுவேன். ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், 2.5 மில்லிகிராம் மாத்திரை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. லேபிளில் 'தினமும்' என்று இருந்தது. நான் மாத்திரை அட்டையைப் பார்த்தேன், பெயரைப் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்த்தேன், இனிஷியல் போட்டேன். வாங்கிக்கொண்ட பெரியவர்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளைக் கண்ணருகே கொண்டுபோய், "நான் திங்கட்கிழமை மட்டுந்தானே சாப்பிடுவேன்?" என்றார். தினமும் சாப்பிட்டிருந்தால் வாய்ப்புண்ணில் தொடங்கி இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே உலை வைத்திருக்கும். அன்றைக்கு நான் செய்தது சரிபார்ப்பு அல்ல, அவர்மீது எனக்கிருந்த மரியாதைக்குப் போட்ட கையெழுத்து.

அதன் பிறகு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். தட்டில் இருக்கும் மருந்தை முதலில் பார்க்காதீர்கள். சீட்டை முதலில் படியுங்கள். என்ன வந்திருக்க வேண்டும் என்று மனதில் முடிவு செய்துகொண்டு, பிறகு தட்டைப் பாருங்கள். மருந்தை முதலில் பார்த்துவிட்டால் கண் அதையே சீட்டிலும் தேடிப் படித்துவிடும். ப்ரெட்னிசோலோனும் ப்ரோப்ரனலோலும், கார்பமாஸெபினும் கார்பிமஸோலும், மெட்ஃபார்மினும் மெட்ரோனிடஸோலும் இப்படித்தான் இடம் மாறுகின்றன. லேபிளிலோ பில்லிலோ இரண்டு சின்னக் கட்டம் வையுங்கள், எடுத்தவர் ஒன்றில், பார்த்தவர் ஒன்றில் இனிஷியல். ஒரே ஆள் இரண்டு கட்டத்தையும் நிரப்பக் கூடாது. நீங்கள் தனியாக இருக்கும் நேரத்தில் எடுத்து வைத்துவிட்டு வேறு ஏதாவது ஒரு சின்ன வேலையைச் செய்துவிட்டு, திரும்பி வந்து புதிதாகப் பார்ப்பதுபோல் பாருங்கள்.

அடுத்தது, உதவியாளர் எந்த இடத்தில் நின்று உங்களைக் கூப்பிட வேண்டும் என்பது. இது எழுத்தில் இருக்க வேண்டும், கவுண்டரின் உட்பக்கம் கண்ணில் படுமாறு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டில் உள்ள வடிவமோ வலுவோ கம்பெனியோ இல்லாமல் மாற்று கொடுக்க வேண்டி வந்தால் கூப்பிட வேண்டும். குழந்தை என்றால், கர்ப்பிணி என்றால், கையெழுத்து புரியவில்லை என்றால், இன்சுலின், மெத்தோட்ரெக்ஸேட், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்றால் கூப்பிட வேண்டும். சீட்டில்லாமல் கேட்பவரிடம் யாருக்கு, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இதுவரை என்ன செய்தீர்கள், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஐந்து கேள்வி கேட்கும் பயிற்சி எல்லோருக்கும் வேண்டும். ஐந்தில் ஒன்றுக்குப் பதில் சரியாக வராவிட்டாலும் உங்களிடம் வர வேண்டும். கூப்பிட்டால் நீங்கள் வர வேண்டும். இதுதான் கஷ்டம். இரண்டு முறை 'இரு, வர்றேன்' என்று சொல்லிவிட்டால் மூன்றாம் முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஸ்டாக் பார்க்கும் வேலையைக் கூட்டம் இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள், அல்லது அந்த வேலையை ஓர் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கவுண்டருக்கு வாருங்கள். உங்கள் கடையில் அன்று வேலைகள் தலைகீழாகப் பிரிந்திருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அண்ணன். அன்று முழுக்க அவர் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் பேசவில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கலங்கிப்போய்ப் பேசவில்லை என்று நான் நினைக்கிறேன். எத்தனையோ குழந்தைகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த கை அது. அவரிடம் 'இனிமேல் நீங்கள் எடுப்பதையெல்லாம் நான் பார்ப்பேன்' என்று தொடங்கினால், அவர் காதில் 'உங்களை நம்பவில்லை' என்றுதான் விழும். தவறைப் பற்றிப் பேசாமல் மருந்தைப் பற்றிப் பேசுங்கள். அதைவிட முக்கியம், முதல் வாரம் உங்கள் வேலையை அவர் பார்க்கட்டும். நீங்கள் எடுத்து வைத்த தட்டை அவரிடம் நகர்த்தி, "அண்ணே, இதைக் கொஞ்சம் சீட்டோட பாருங்க" என்று கேளுங்கள். ஒப்புக்குக் கேட்காதீர்கள். அவர் நிச்சயம் ஏதாவது கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கும்போது மற்ற இருவர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். எங்கள் மூத்த உதவியாளரிடம் நான் அப்படித்தான் தொடங்கினேன். பத்து நாளில் அவரே தன் தட்டை என் பக்கம் தள்ள ஆரம்பித்தார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, என்ன போயிருக்க வேண்டும், என்ன எடுக்கப்பட்டது, எங்கே பிடிபட்டது. ஆள் பெயருக்குக் கட்டமே வேண்டாம். வாரம் ஒரு முறை கடை திறக்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து அதைப் படியுங்கள். முதல் பதிவாக உங்கள் தவறு ஒன்றை எழுதுங்கள், டிராப்ஸ் விஷயத்தை இரண்டாவதாக. நோட்டில் எதுவுமே இல்லாத வாரம் வந்தால் மகிழாதீர்கள், யாரோ எழுதப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எந்த வேலை எப்போது தனியாகச் செய்யலாம் என்று படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியிலும் நீங்கள் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட விடுப்பில் போய் வந்தவருக்கும், ராக் மாற்றி அடுக்கிய பிறகு எல்லோருக்கும், ஓரிரு நாள் மறுபடி பாருங்கள். கை பழைய இடத்துக்கே போகும்.

முதலாளி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுவரில் மாட்டிய சர்டிபிகேட் போதும் என்றால் அங்கே நீங்கள் தேவையில்லை, உங்கள் பெயர் மட்டும் போதும் என்று அர்த்தம். பிரிட்டனில் பொறுப்பு மருந்தாளுநர் ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் கடையில் இல்லாமல் இருக்கலாம் என்று 2009இல் ஒரு விதி வந்தது. அந்த இரண்டு மணி நேரத்திலும் சீட்டு மருந்து வெளியே போகக் கூடாது என்று அப்போது இருந்தது. கடை திறந்திருப்பதும் மருந்தாளுநர் இருப்பதும் வேறு வேறு என்று ஒரு சட்டம் அவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்தது. நான்கு மடங்குக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். அதன் கீழே, என்னென்ன வேலைகளை யார் யார் செய்வது, எந்த இடத்தில் உங்களைக் கூப்பிடுவது என்பதை எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பொறுமையாக, மரியாதையாக, ஆனால் எழுத்தில். மறுத்தால் இன்னொரு முறை எழுதுங்கள். அப்போதும் உங்கள் பெயரை மட்டும் கேட்டால், அந்த வேலையை விட்டுவிடுங்கள். பதிவு எண் உங்களுடையது, கடை மாறினாலும் உங்களோடு வரும். அந்தப் பெயரில் நடக்கும் தவறும் அப்படியே உங்களோடு வரும்.

நாளைக் காலை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் முன்னதாகப் போய்விடுங்கள். ஷட்டர் தூக்கும் முன் சிரப் பாட்டிலையும் டிராப்ஸ் பாட்டிலையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அண்ணன் வந்ததும் இரண்டின் லேபிளையும் அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிப்பார். படித்து முடித்ததும் இந்த இரண்டும் ஒரே ராக்கில் இருக்கலாமா, எங்கே மாற்றி வைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் அவர் கையாலேயே வைக்கட்டும்.

அன்புடன்,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்